கமலா டீச்சரின் பட்டு ஸ்கார்ஃப்கள்

மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பாடசாலை அதிபர் வகுப்பு வாசலுக்கு வந்து நின்றார். "பதுளை ஆஸ்பத்திரியில இருந்து கோல் வந்திச்சு. கமலா டீச்சர் போயிட்டாங்க" என்றார். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த சோக்கட்டியைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பண்டாரவளையில் அவரிடம் கணிதம் படித்தவர்களுக்கு அவருடைய கண்டிப்பு நினைவிருக்கும். ஆசிரியர் விடுதியில் ஒரே அறையில் அவரோடு இருந்த எனக்கு, இப்போது அந்தக் கடைசி வருடம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. புற்றுநோய்க்குக் கொழும்பில் மருந்து ஏற்றி வந்த பிறகு அவருடைய தலைமுடி முழுவதும் கொட்டிவிட்டது. பருத்தித் துணி பட்டாலே தலைத்தோல் எரிந்தது. கனடாவில் இருந்த அவருடைய அக்கா மெல்லிய பட்டு ஸ்கார்ஃப்கள் அனுப்பினார்.

டீச்சரின் கைகளில் பலமில்லாததால் அவற்றை நான்தான் துவைத்தேன். வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளுக்கான ஷாம்புவைக் கொஞ்சம் கலந்து அலச வேண்டும். கட்டிலில் படுத்தபடியே அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

"முறுக்காதேங்கோ ரீச்சர். துவாய்க்குள்ள வைச்சுச் சுருட்டி அமத்துங்கோ."

வெளியே எந்நேரமும் பனிமூட்டம். அறைக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்துவோம். ஈரம் முழுதாகக் காயுமுன் உட்புறத்தைத் திருப்பி, மேலே வெள்ளைக் கைக்குட்டை விரித்து, குறைந்த சூட்டில் அயர்ன் பண்ணுவேன். இளஞ்சூட்டோடு எடுத்துக் கொடுத்தால் கன்னத்தில் வைத்துக்கொள்வார். அந்த மாதங்களில் அவர் முகம் தெளிந்தது அப்போது மட்டும்தான்.

போரால் மூடிக் கிடந்த யாழ்ப்பாணப் பாதை அப்போது திறந்திருந்தது. டீச்சர் பல வருடங்களாகக் காணாத அவருடைய அம்மா அங்கே இருந்தார். ஆனாலும் டீச்சர் போகவில்லை. காய்ச்சல் என்று மட்டும் அம்மாவுக்குச் சொல்லியிருந்தார்.

"அம்மாவுக்கு உங்களப் பார்த்தா போதுங்க. போயிட்டு வாங்க" என்றேன்.

"என்ர தலையைப் பின்னிப் பின்னி வளர்த்த மனுசி. இதைக் கண்டா தாங்கமாட்டா. கொஞ்சமாவது வளரட்டும்."

வளரவில்லை. கடைசியில் ஆகஸ்ட் விடுமுறைக்குப் போவதென்று அவரே முடிவெடுத்தார். எல்லா ஸ்கார்ஃப்களையும் துவைத்து, அயர்ன் பண்ணி, பெட்டியில் அடுக்கினேன். நீல நிற ஸ்கார்ஃபைப் பயணத்துக்கென்று தனியே எடுத்து வைத்தார். அந்த வாரமே மூச்சுத் திணறலோடு அவரைப் பதுளைக்குக் கொண்டுபோனோம். திரும்பவில்லை.

இறந்த செய்தி கேட்டு, மறுநாள் மாலை டீச்சரின் அம்மா தன் தம்பி மகனோடு, உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்கு வந்து சேர்ந்தார். அதற்குமுன் அந்த நீல ஸ்கார்ஃபை நான் டீச்சரின் தலையில் கட்டியிருந்தேன்.

"இதை எடுத்துவிடு பிள்ளை" என்றார் அம்மா.

நான் தயங்கினேன். அவரே முடிச்சை அவிழ்த்து, வெறும் தலையை உள்ளங்கையால் தடவினார்.

"பிறக்கேக்கையும் இப்பிடித்தான் இருந்தவள். ஒரு மயிரும் இல்லை."

அவர் அப்போது அழவில்லை. தடவிக்கொண்டே இருந்தார்.

ஸ்கார்ஃப்களை அம்மா கொண்டுபோய்விட்டார். என்னிடம் இருப்பது அம்மா சொன்ன அந்த வார்த்தைதான். கமலா டீச்சர் கேட்டிருக்க வேண்டிய வார்த்தை அது. அதை நான் யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது?