ஆகஸ்ட் தீபாவளி

இந்த ஆண்டு தீபாவளியன்று விடிகாலையில் காரைக்காலிலிருந்து தங்கை வாட்ஸப்பில் அனுப்பியது, எழுத்து மாறாமல்: "அம்மா எண்ணெ வைக்க மாட்டேங்குறாங்கண்ணே. இன்னும் ஆடியே முடியலயாம். வெளிய மழ கொட்டுது."

பாரிஸ் புறநகரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை ஆகஸ்ட் முழுவதும் மூடியிருக்கும். நீண்ட விடுப்பு கிடைப்பது அப்போதுதான். அப்பா வழியில் வந்த பிரெஞ்சுக் குடியுரிமையில் இங்கே வந்த நாள் முதல் ஊரில் நான் பார்த்ததெல்லாம் ஆடியும் ஆவணியும்தான். மேல்காற்றும் புழுதியும், அரசலாற்றில் புதுத் தண்ணீரும். ஐப்பசி அடைமழையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அதனால் அம்மா தீபாவளியை ஆகஸ்டுக்கு மாற்றிவிட்டாள். நான் போய் இறங்கிய மறுநாள் விடியலில் தலைக்கு எண்ணெய், வெந்நீர், புதுச்சட்டை, அதிரசம். எதிர்வீட்டு அக்கா ஆண்டுதோறும் வாசலில் நின்று கேட்பார்: "என்னங்க, பிரான்சு தீவாளி வந்துடுச்சா? பொங்கல் எப்பன்னு இப்பவே சொல்லிடுங்க, கரும்பு வாங்கணும்." அம்மாவும் விடமாட்டாள்: "ஒனக்கு ரெண்டு தீவாளி அதிரசம் கெடைக்குதுல்ல, தின்னுட்டுப் பேசாம போ."

பண்டிகையை மாற்ற முடிந்தது. மழையை மாற்ற முடியவில்லை. இங்கே பாரிஸிலும் ஐப்பசியில் மழை உண்டு. கோட்டில் ஈரம் பட்ட பிறகுதான் பெய்வதே தெரியும். ஊரில் கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் மழை விழுந்தால் பேச்சு கேட்காது. சில ஐப்பசிகளில் தங்கை போனை அங்கே வைத்துவிட்டுப் போவாள். நான் வேலைக்குப் போகும் ரயிலில் கேட்டுக்கொண்டு போவேன்.

போன ஆண்டிலிருந்து அம்மாவுக்கு நினைவு தடுமாறுகிறது. தங்கையின் செய்தியைப் பார்த்ததும் அழைத்தேன்.

"எறங்கிட்டியா? மெட்ராஸ்லயா இருக்க?"

"இல்லம்மா, பாரிஸ்லதான்."

"அப்ப தீவாளி இல்ல. இவ சும்மா என்னப் போட்டுப் படுத்துறா."

"ஐப்பசிம்மா இது. மழ பேயிற சத்தம் எனக்கே கேக்குதே."

"இது ஆடி மழ. நீ வந்தாதான்டா தீவாளி."

எனக்கு மழை இல்லாமல் போனது பழகிவிட்டது. அவளுக்கு ஐப்பசியே இல்லாமல் போயிருந்தது. வாசலில் மழை வந்து நிற்கிறது, அவள் என் விடுப்பை வைத்து மாதம் பார்க்கிறாள்.

"என் தலைக்கும் சேத்து நீ ஊத்திக்கம்மா" என்றேன். போன் தங்கையிடம் போய்விட்டது.

சற்று நேரத்தில் தங்கை எழுதினாள்: "குளிச்சாச்சு." வீட்டுக்குப் பலகாரம் வாங்க வந்துபோன எதிர்வீட்டு அக்கா பிறகு போனில் சொன்னார்: "எண்ணெ வச்ச தல மாரி தெரியலீங்களே தம்பி." மாலையில் அம்மாவையே கேட்டேன். "நீ வா, வச்சுக்கறேன்" என்றாள். மறுத்துவிட்டாளா, குளித்ததை மறந்துவிட்டாளா, தங்கை என் மனதுக்காக எழுதினாளா என்று தெரியவில்லை. அன்று அம்மா தலைக்குக் குளித்தாள் என்பது இதை எழுதும் வரை உறுதிப்படாத செய்தி.