மூன்று புள்ளிக் கல்

கடையில் அவளுக்குப் பெயர் லென்ஸ் அக்கா. நிச்சயதார்த்த மோதிரம் வாங்க வருகிற ஜோடிகளை முதலாளி நேராக அவள் மேசைக்குத்தான் தள்ளிவிடுவார். வந்ததும் வராததுமாகச் சான்றிதழை நீட்டி, "என்ன தரம் போட்டிருக்கு?" என்பார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தரம் என்ன தரம்! அந்தக் காகிதம் இந்தக் கல்லுக்கு உரியதுதானா என்று முதலில் பார்க்க வேண்டாமா? கல்லின் உள்ளே இருக்கும் குறைகளைச் சான்றிதழில் சின்னப் படமாக வரைந்திருப்பார்கள். படமும் கல்லும் ஒத்துப்போகிற வரை அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

ஆறு வருஷத்துக்கு முன் அவள் கூடப்பிறந்த அக்காவுக்கு மாப்பிள்ளை வீட்டார் வைர மோதிரம் போட்டார்கள். அன்றைக்கும் இவள் சும்மா இருக்காமல் அக்கா கையில் லென்ஸைத் திணித்தாள்.

"மூணு புள்ளி வரிசையா இருக்கு பாரு. அதுக்குக் கீழ முடி மாதிரி ஒரு கோடு."

"அடிப்பாவி, போட்ட அன்னிக்கே குறை கண்டுபிடிச்சிட்டியா!" என்று அக்கா சிரித்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மோதிரத்தோடு வெளியே போன அக்கா திரும்பவில்லை. ஆற்றங்கரையில் செருப்பு மட்டும் கிடந்தது. உடலைத் தேடித் தேடி அலுத்துப்போனார்கள். அம்மா அழுவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். ஆனால் சாப்பிடும்போதோ துணி மடிக்கும்போதோ திடீரென்று கேட்பாள்: "தண்ணி அவளுக்குக் குளிர்ந்திருக்குமோடி?" அதைக் கேட்டதும் இவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இன்று மத்தியானம் ஒரு ஜோடி பெட்டியிலிருந்து ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்தது. வழக்கம்போல் அவள் படத்தைப் பார்த்தாள். வரிசையாக மூன்று புள்ளி. கீழே ஒரு கோடு. லென்ஸைக் கண்ணில் வைத்துக் கல்லைப் பார்த்தாள். அதிலும் அதேதான். எடையும் அதே எடை, ஓர் இம்மி பிசகவில்லை. சான்றிதழ் மட்டும் புதிது, போன மாதத் தேதி. பழையது வீட்டு பீரோவில்தானே கிடக்கிறது! காகிதம் இல்லாத கல்லுக்குப் புதிதாக எடுத்திருக்கிறார்கள்.

பிணத்தின் விரலிலிருந்து எவனோ கழற்றியிருக்கிறான். முதலில் அப்படித்தான் தோன்றியது. உள்ளே போய், கல்லைக் கடைக்குக் கொடுத்த வியாபாரிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, இந்தக் கல்லு உங்களுக்கு யாரு கொடுத்தது?"

"ஒரு பொம்பளைம்மா, ரெண்டு மாசம் முன்னாடி. மோதிரமா கொண்டு வந்தாங்க. விரலை விட்டு வரவே இல்ல, சோப்பு போட்டுத்தான் கழட்டினோம். ஏன், ஏதாவது வில்லங்கமா?"

"அவங்க... வேற ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்லல. கல்லைத் தனியா எடுத்ததும் லென்ஸ் இருக்கான்னு கேட்டாங்க. மூணு புள்ளியும் இருக்கான்னு பாத்துட்டுப் போயிட்டாங்க."

அவள் போனை வைத்தாள். அக்கா உயிரோடு இருக்கிறாள். அப்பாடா என்று மூச்சுவிடக்கூட முடியவில்லை. மறு கணமே கோபம் வந்தது. உயிரோடு இருந்துகொண்டா அம்மாவைத் தினமும் அந்த ஆற்றில் இறக்கிவிட்டாய்?

வெளியே வந்தாள். "குறை ஏதாவது இருக்கா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இருக்கு. ஆனா காகிதத்துல உள்ளதுதான் கல்லுலயும் இருக்கு. நம்பி வாங்கலாம்."

சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்: "தண்ணி அவளுக்குக் குளிர்ந்திருக்குமோடி?"

அவள் அம்மாவின் மடியிலிருந்த துணியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"இல்லம்மா. அவ தண்ணியில எறங்கவே இல்ல."