விரதம் என்று சொன்ன நாட்கள்

எங்கள் சமையலறையில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் அன்றன்றைய விசேஷத்தைத் தாளின் ஓரத்தில் போட்டிருப்பார்கள். கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம், பௌர்ணமி. குழந்தை பிறந்து ஐந்தாவது மாதம், அம்மா வீட்டிலிருந்து வேங்கிக்காலில் இருக்கும் புகுந்த வீட்டுக்குத் திரும்பினேன். அன்று முதல் என் கணவர் என்னைத் தொடாமல் இருப்பதற்கு அந்தத் தாள்தான் காரணம் சொன்னது. இப்போது மகளுக்கு இரண்டு வயது ஆகப் போகிறது. அவருக்கு என் மேல் ஆசை இன்னும் மிச்சமிருக்கிறதா என்று தெரியாமலே அத்தனை தாள்களையும் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

தொடங்கியது நான்தான். திரும்பி வந்த அன்று, குழந்தை தூங்கிய பிறகு, அவர் என் தோளில் கை வைத்தார். அதற்கே என் உடம்பு விறைத்துக்கொண்டது. அவர் மேல் வெறுப்பு எதுவும் இல்லை. பகலெல்லாம் ஒரு சின்ன வாய் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. தையல் போட்ட இடம் ஆறிவிட்டது என்று டாக்டர் சொல்லியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் ஒரு கை என்றதும் உடம்பு போதும் என்றது. இதை எப்படிச் சொல்வது? எம்.எஸ்ஸி., பி.எட். படித்தவள் நான். ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் எடுத்தேன். இனப்பெருக்க மண்டலம் பாடத்தை ஐம்பது பிள்ளைகள் முன்னால் தயங்காமல் நடத்தியவளுக்கு அன்று ஒரு வாக்கியம் வரவில்லை.

"நாளைக்குக் கிருத்திகைங்க. விரதம் இருக்கலாம்னு இருக்கேன்" என்றேன்.

அவர் உடனே கையை எடுத்துக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக விடுவது போல அவ்வளவு மரியாதையாக எடுத்தார். அந்த மரியாதைதான் எனக்கு வழி காட்டிவிட்டது.

மறுநாள் உண்மையாகவே விரதம் இருந்தேன். சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்ற பயம். அடுத்து சஷ்டி. பிறகு செவ்வாயும் வெள்ளியும். பிரதோஷத்துக்கு மாலை வரை தண்ணீர் மட்டும். பௌர்ணமிக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து அவருடைய சொந்தக்காரர்கள் கிரிவலத்துக்கு வந்து எங்கள் அறையில்தான் படுப்பார்கள், அன்றைக்குக் காரணமே தேவையில்லை. மிச்ச நாட்களைக் குழந்தையின் சளியும் காய்ச்சலும் பார்த்துக்கொண்டன. இந்த ஊரில் ஒரு பெண் விரதம் என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "எம்மருமவ மாதிரி விரதம் இருக்கிறவ இந்தத் தெருவுலயே கெடையாது. இவ்ளோ படிச்சிட்டு இவ்ளோ பக்தி."

"அதெல்லாம் சரி பெரிம்மா," என்றாள் அக்கா. "மாசம் பூரா விரதம்னா ரெண்டாவதுக்கு யார்கிட்ட மனு குடுக்கிறது? கலெக்டர் ஆபீஸ்லயா? உன் புள்ள அங்கதான வேலை செய்யிது, அதுவே வாங்கி சீல் வச்சிக்கட்டும்."

"சும்மா இருடி, வாயாடி" என்று மாமியார் சிரித்தார். என் கணவர் அப்போது அலுவலகத்துக்குக் கிளம்பி, படியில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே போய்விட்டார். அந்த முதுகை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவமானமா, வருத்தமா, ஒன்றுமே இல்லையா என்று அந்த முதுகிலிருந்து எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

முன்பு இப்படி இல்லை. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இருந்த மாதங்களில் நாங்கள் போனிலேயே குடும்பம் நடத்தினோம். அவர் அனுப்பிய குரல் செய்திகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. "இன்னா பண்ற? முடியெல்லாம் அவுத்து விட்டிருக்கியா?" என்று ஒன்றில் கேட்பார். பிறகு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காக அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எதிரில் இல்லாத ஒருவரிடம் எதையும் சொல்ல முடிந்தது. ஒரே வீட்டுக்கு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆரம்பித்ததும் பேச்சு கம்மியாகிவிட்டது. இப்போது எங்களுக்குள் போகும் செய்திகள் டயபர் மீடியம் சைஸ், கேஸ் புக் பண்ணியாச்சா, பாப்பா தூங்கிட்டாளா.

குழந்தைக்கு ஒரு வயது தாண்டிய சமயம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவர் மழையில் நனைந்து வந்தார். கொடியில் கிடந்த என் துப்பட்டாவை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டார். அவர் கழுத்தில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஏதோ அசைந்தது. இனி வராது என்று நினைத்திருந்த ஒன்று, முன்னறிவிப்பு இல்லாமல், காலையிலிருந்து சாப்பிடாத என் வயிற்றுக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. சந்தோஷத்தைவிட பயம்தான் ஜாஸ்தியாக இருந்தது. ஏனென்றால் வேண்டாம் என்பதற்கு என்னிடம் ஒரு கௌரவமான சொல் இருந்தது. வேண்டும் என்பதற்கு அப்படி எதுவும் இல்லை. நாள்காட்டியில் அதற்கென்று ஒரு நாள் போட்டிருப்பதில்லை.

அடுத்த வாரமே விரதத்தை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். திடீரென்று விட்டால் மாமியார் காரணம் கேட்பார். அதைவிட, என் கணவர் என்ன நினைப்பார்? அலைகிறாள் என்று நினைத்தால்? அல்லது இத்தனை நாள் இருந்ததெல்லாம் நடிப்பு என்று தெரிந்துவிட்டால்? போனில் தேடித் தேடிப் படித்தேன். பிரசவத்துக்குப் பிறகு ஆசை குறைவது இயல்பு, திரும்ப வருவதும் இயல்பு என்று இருந்தது. எல்லாக் கட்டுரைகளும் துணையிடம் மனம் விட்டுப் பேசுங்கள் என்றே முடிந்தன. எப்படி ஆரம்பிப்பது என்று எதிலும் இல்லை.

ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் பிடித்த பச்சைப் புடவையைக் கட்டி, முல்லைப் பூ வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். "இன்னிக்கு விரதத்துக்கு எவ்ளோ மங்களகரமா இருக்கா பாரு" என்றார் மாமியார். கணவர் பார்த்தார். பார்த்துவிட்டு, "கோயிலுக்குப் போறியா? பைக்ல விடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல முடியாமல் பைக்கில் ஏறிப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

போன கார்த்திகை பிறப்பதற்கு முன், சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "இந்த வருஷம் ஐயப்பனுக்கு மாலை போடலாம்னு இருக்கேன்."

வீட்டு விளக்கைக்கூட அவர் ஏற்றியதில்லை. "எப்பவும் இல்லாத பழக்கமா இருக்குதே, இன்னாடா திடீர்னு?" என்று மாமியார் கேட்டார்.

"ஆபீஸ்ல நாலு பேர் போடுறாங்க. கூப்ட்டாங்க." என்னைப் பார்க்கவில்லை.

தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என் ஆயுதத்தையே எடுத்து என் மேல் திருப்பிவிட்டார் என்று தோன்றியது. பழி வாங்குகிறாரா? இல்லை, வேறு யாராவது? அவர் குளிக்கப் போயிருந்தபோது ஒருநாள் அவர் போனைக் கையில் எடுத்தேன். திறக்கும் எண் தெரியும். திறக்காமல் திரும்ப வைத்துவிட்டேன். ஒன்றும் இல்லை என்றால் எனக்கு வெட்கமாக இருக்கும். ஏதாவது இருந்தால் குழந்தையை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

மாலை போட்ட பிறகு அவர் கூடத்தில் தனிப் பாயில் படுத்தார். கறுப்பு வேட்டி, தாடி, வெறுங்கால். வீட்டில் எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். "சாமி, காபி வச்சிருக்கேன்" என்பேன். "சரி சாமி" என்பார். மகளும் மழலையில் அவரை சாமி என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மாதவிலக்கு வந்தால் மாமியார் முந்திக்கொண்டு என் பையை எடுத்து வைப்பார், அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். தீபத்தன்று எல்லாரும் மொட்டை மாடியில் நின்றோம். அவருக்குக் கூட்டத்தில் டியூட்டி. மலை உச்சியில் தீபம் ஏறியதும் அக்கம்பக்கம் முழுவதும் கை குவித்தது. என்ன வேண்டிக்கொள்வது என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. கணவனுக்கு என் மேல் ஆசை வரட்டும் என்று அண்ணாமலையாரிடம் கேட்கலாமா? கேட்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வரக் கூடாது என்று கேட்டேன்.

ஐயப்பன் மலைக்குப் போய் வந்தார், மாமியார் கையால் மாலையைக் கழற்றினார், தாடியை எடுத்தார். பாயை மட்டும் எடுக்கவில்லை. "கீழ படுத்தே பழகிடுச்சு. முதுகுக்கு நல்லா இருக்கு" என்றார். எனக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. இனி சொல்லிக்கொள்ளச் சாமிகூட இல்லை.

பொங்கல் முடிந்து மாமியார் கீழ்பென்னாத்தூருக்கு மல்லாட்டை என்கிற நிலக்கடலை விதைப்பைப் பார்க்கப் போயிருந்தார். அந்த வாரம் ஒருநாள், என் கணவரோடு வேலை பார்ப்பவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று அடி அண்ணாமலை கிராமத்துக்குப் பார்க்கப் போனோம். அந்த வீட்டுப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். உட்காரும்போது பல்லைக் கடித்தாள். என் கணவர் சட்டென்று எழுந்து, போன் வருகிறது என்று சொல்லி வெளியே போனார். எனக்கு அவருடைய போன் சத்தம் கேட்கவில்லை. நாங்கள் கிளம்பும் வரை அவர் உள்ளே வரவே இல்லை.

திரும்பும் வழியில், கிரிவலப் பாதை ஓரத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். "ஒரு டீ, பாப்பாவுக்கு ஒரு பிஸ்கட்" என்றார் கடைக்காரரிடம். என் பக்கம் திரும்பி, "இன்னிக்குப் பிரதோஷம். உனக்கு வேணாம் இல்ல?" என்றார்.

எனக்கே அது மறந்திருந்தது. என் விரத நாட்களை என்னைவிட நன்றாக அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அவருடைய குரலில் அக்கறை இருந்தது.

"எனக்கும் ஒரு டீ சொல்லுங்க. வடையும்."

"விரதம்?"

"விட்டுட்டேன்."

"உடம்பு சரியில்லயா?"

"நல்லா இருக்கேன்." வடையைப் பிய்த்தேன். "முதல்ல இருந்தே சாமிக்காக இல்லைங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லத் தெரியல. அப்புறம் பயம் போயிடுச்சு. அதையும் சொல்லத் தெரியல."

அவர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். கோபத்துக்கு அடியில் ஆசை இருக்கலாம்.

"நீ விரதம்னு சொல்றப்பல்லாம்," என்றார் மெதுவாக, "எனக்கு ஒரு நிம்மதியா இருக்கும்."

வடையைக் கீழே வைத்தேன்.

"ஆஸ்பத்திரியில வெளிய நின்னுகிட்டு இருந்தேன். நீ கத்துனது கேட்டுச்சு. என்னாலதான இவளுக்கு இதுன்னு ஆயிடுச்சு. நீ வந்த அன்னிக்கு தோள் மேல கை வச்சேன் பாரு, அதுவே பயந்துகிட்டுதான் வச்சேன். நீ கிருத்திகைன்னு சொன்ன. அப்பாடான்னு இருந்துச்சு. உன் விரதம் கம்மியாயிடுமோன்னு தோணுச்சு, அதான் மாலையப் போட்டுட்டேன்."

இத்தனை நாளும் அவரை ஏங்க வைத்துவிட்டேன் என்று நான் வருந்தியதெல்லாம், ஏங்காத ஒருவருக்காக. பட்டினி கிடந்தது நான் ஒருத்திதான். மகள் பிஸ்கட்டை டீயில் தோய்க்க வேண்டும் என்று அடம் பிடித்தாள். அவர் தோய்த்துக் கொடுத்தார்.

"இப்போ?" என்று கேட்டேன்.

"இப்போ தெரியல" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு நன்றியாக இருக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தபோது நன்றி வரவில்லை.

மாலை போட்டிருந்த நாட்களில் வண்டியில் அவர் மேல் கை படாமல் பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பழகியிருந்தேன். அன்று குழந்தையை முன்னால் உட்கார வைத்து அவர் வண்டியை எடுத்தபோது, அவர் தோளில் கை வைத்தேன். சட்டைக்கு அடியில் தோள் இறுகியது. அந்த இறுக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். எடுத்துவிடலாமா என்று வழியெல்லாம் நினைத்தேன். வேலூர் ரோடு வரும் வரை வைத்திருந்தேன். அது தளரவும் இல்லை, அவர் கையை எடுக்கச் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் போன் செய்தார். "பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போனியாம்மா?"

"போகல அத்தை. சாப்ட்டுட்டேன்."

"ஐயோ, உடம்புக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்ல அத்தை. இனிமே விரதம் இருக்கப் போறது இல்ல."

கணவர் குழாயடியில் மகளின் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, ஏற்கெனவே கழுவிய காலையே மறுபடியும் கழுவினார்.

பாய் இன்னும் கூடத்தில்தான் விரிக்கப்படுகிறது. நான் அறைக் கதவைச் சாத்துவதில்லை. குழந்தைக்குக் காற்று வரட்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அதையும் வேறு காரணம் சொல்லித்தான் செய்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது.