தண்ணீர் வலம் வந்த கோயில்

பால்ச்சாமி பெண் பார்க்கப் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் ஆள் பிடிபடுவார்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இஞ்சினியர் வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெண் ஸ்ரீவில்லிபுத்தூர். மாப்பிள்ளையை ஜன்னலுக்கு எதிரே உட்கார வைத்தார்கள். அங்கேதான் தப்பு நடந்தது. அந்த ஜன்னல் வழியே ஆண்டாள் கோயில் கோபுரம் அடி முதல் முடி வரை தெரிந்தது. முனீஸ்வரி காப்பி கொண்டுவந்தாள், வாங்கிக் குடித்தார். விழுந்து கும்பிட்டாள், தலையை ஆட்டினார். திரும்பும்போது பஸ்ஸில் அவருடைய அம்மா, பொண்ணு எப்படிப்பா என்று கேட்டதற்கு, "பதினொரு நிலைம்மா. ஒரு இஞ்சுகூட சாயல" என்றாராம்.

நாற்பத்தேழு வருஷமாக முனீஸ்வரி இதைச் சொல்லிக் காட்டுகிறாள். நான் கொஞ்சம் கூட்டியே சொல்வேன். கொழுந்தனைக் கேலி செய்ய மதினிக்கு உரிமை உண்டு.

அவர் பையில் எப்போதும் ஒரு ரசமட்டம் இருக்கும். ஒரு சாண் நீளப் பித்தளைக் கட்டை, நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் தரை சமம். மில்லில் மெஷினை இறக்கும்போது அது மயிரிழை சாய்ந்தாலும் நூல் அறும். அதனால் அவர் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார், பிறகு மெஷின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பார்ப்பார், அதன் பிறகுதான் பட்டனை அமுக்க விடுவார். வீட்டிலும் அதே கதைதான். கட்டில், கிரைண்டர், சாப்பிட உட்காரும் தரை, எல்லாம் மட்டம். இலையில் ஊற்றிய ரசம் எந்தப் பக்கமும் ஓடாமல், இப்போது என்ன செய்வது என்று திகைத்து நிற்கும் வீடு ராஜபாளையத்திலேயே அது ஒன்றுதான்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கோயில் பைத்தியம் பிடித்தது ஒரு மழையில். கல்யாணத்துக்கு முந்திய ஐப்பசி. மில் தொழிலாளி வீட்டு விசேஷத்துக்குப் போனவர், தேவதானத்துக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மழையில் மாட்டிக்கொண்டார். ஊர்ப் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். சின்னச் சிவன் கோயில். முன்மண்டபத்தில் ஒதுங்கினார். பூசாரி இல்லை, ஆள் இல்லை. செத்த நேரத்தில் கருவறைக்கு இடது பக்கமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. கொலுசு போட்ட யாரோ மெதுவாக நடப்பது போல. அது பின்னால் போய், வலது பக்கமாக வந்து, தேய்ந்து, எங்கோ இறங்கி நின்றது. யாரோ சாமி சுற்றுகிறார்கள், சுற்றி முடித்து முன்னால் வரட்டும், பஸ் நேரம் கேட்கலாம் என்று காத்திருந்தார். யாரும் வரவில்லை.

கூரைத் தண்ணீர் எங்கோ ஓடுகிறது என்று மூளை சொல்லிவிட்டது. ஆனால் காது அதை மறக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த கிறுக்கில்தான் சுண்ணாம்புப் பூச்சில்லாமல் கல்லோடு கல் எப்படி நிற்கிறது, கூரையோரத்துக் கொடுங்கை மழையை எப்படிச் சுவரில் படாமல் தள்ளிவிடுகிறது என்று கோயில் கோயிலாகப் போய் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். சனிக்கிழமை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தின் எதிரில் நிற்பார். கும்பிட மாட்டார். நல்ல வேலைக்காரனை இன்னொரு வேலைக்காரன் பார்ப்பது போலப் பார்ப்பார். அவருக்குத் தெரிந்த பக்தி அதுதான்.

மில்லிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம், அதே மலையடிவாரத்துக் கோயிலில் கும்பாபிஷேகம் வைத்தார்கள். திருப்பணிக் கமிட்டித் தலைவர் விக்னேஸ்வரன், பட்டாளத்திலிருந்து திரும்பிய ஹவில்தார். பிரகாரத்துத் தளக்கற்கள் மேடும் பள்ளமுமாய்க் கிடக்கின்றன, கிழவிகள் இடறி விழுகிறார்கள், நீங்கள்தான் சரி பண்ணித் தர வேண்டும் என்று பால்ச்சாமியைக் கூப்பிட்டார். பால்ச்சாமிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கூலி வாங்காமல் மூன்று மாதம் அங்கேயே கிடந்தார். பழைய கற்களைப் பேர்த்துக் கோயிலுக்குப் பின்னால் வில்வ மரத்தடியில் அடுக்கச் சொன்னார். புதுக் கல் வந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் ரசமட்டம். குமிழி நடுவில் நிற்கும் வரை அடுத்த கல்லுக்கு நகர மாட்டார்.

கோயில் கூட்டுகிற பெத்தம்மாள் விளக்குமாற்றோடு வந்து செத்த நேரம் பார்த்தாள். "எல்லாஞ் சரிய்யா. தண்ணி எங்கன போவும்?" என்று கேட்டாள். அதற்குக் குழாய் வைத்திருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பேர்ப்பதற்கு முன் பழைய தளத்தின் ஏற்ற இறக்கத்தை ஒரு தாளில் அளந்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அளந்து வைக்க அதில் என்ன இருக்கிறது, இறங்கிப்போன தரைதானே என்று நினைத்தார். மில்லில் ஒரு போல்ட்டைக் கழற்றினாலும் கழற்றும் முன் அளவு எழுதுகிற மனிதர் அவர்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஐப்பசிப் பௌர்ணமிக்குச் சிவனுக்கு அன்னாபிஷேகம் எல்லா ஊரிலும் உண்டு. இந்த ஊரில் அந்தச் சோற்றை ஊருணித் தண்ணீரில்தான் பொங்குவார்கள். ஊருணிக்கு அந்தத் தண்ணீர் வருவது கோயில் பிரகாரத்திலிருந்து. முதல் மழை பிரகாரத்தில் விழுந்து, தென்கிழக்கில் ஆரம்பித்து, தெற்கு, மேற்கு, வடக்கு என்று சாமியை ஒரு சுற்றுச் சுற்றி, ஈசான மூலையில் கல் தூம்பு வழியாக ஊருணியில் விழும். கங்கை வலம் வந்துட்டா என்று ஊர் கூடி நின்று பார்க்கும். அந்தச் சுற்றுக்காகவே எந்தக் காலத்திலோ ஒருவன் கல்லைக் கல்லாகத் தாழ்த்திக்கொண்டே போயிருக்கிறான். அது மேடு பள்ளம் இல்லை, வழி.

கும்பாபிஷேகம் முடிந்து ஐப்பசி வந்தது. மழை வந்தது. பிரகாரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர், அப்படியே நின்றது. குழாயை இலை அடைத்துக்கொண்டது. பெத்தம்மாள் இரண்டு நாள் விளக்குமாற்றால் தள்ளித் தள்ளி வெளியேற்றினாள். தூம்பு வாயில் ஒரு சொட்டு இல்லை. அந்த வருஷம் அன்னாபிஷேகச் சோறு வேனில் வந்த கேன் தண்ணீரில் பொங்கியது. பால்ச்சாமி போயிருந்தார். ஒருத்தரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. இலை போட்டு, பாயசம் கூட இரண்டு கரண்டி வைத்தார்களாம். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு அந்தக் கொலுசுச் சத்தம் எதுவென்று தெரிந்தது. தம்மைக் கோயிலுக்குள் இழுத்த சத்தத்தைத் தம் கையாலேயே நிறுத்தியிருக்கிறார்.

மறுநாளே பேர்த்துச் சரி செய்கிறேன் என்று நின்றார். விக்னேஸ்வரன் முடியாது என்றார். கும்பாபிஷேகம் ஆகிச் சாமியை உட்கார வைத்தாகிவிட்டது. இனி அடுத்த கும்பாபிஷேகத்துக்குப் பாலாலயம் பண்ணி, சாமியைப் பலகைக்கு மாற்றிய பிறகுதான் கல்லில் கை வைக்கலாம். அது பன்னிரண்டு வருஷம்.

அப்போது அவருக்கு வயது அறுபது.

பன்னிரண்டு வருஷமும் சனிக்கிழமைதோறும் தேவதானம் பஸ் ஏறினார். வில்வ மரத்தடியில் அடுக்கிய பழைய கற்கள் நூற்று நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றையும் கழுவினார். எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, பாசிக் கறை எந்தப் பக்கம் சாய்ந்து படிந்திருக்கிறது என்று பார்த்து, எண் போட்டு, தண்ணீர் போன திசையை அம்புக்குறியாக வரைந்தார். சாக்பீஸை மழை அழித்தது, பெயிண்டால் எழுதினார். வீட்டுத் தரை முழுக்கப் படம். முனீஸ்வரி அடுப்படிக்குப் போக ஒற்றைக் கால் வழிதான் மிச்சம்.

கோபுரத்தை அண்ணாந்து பார்த்தவர் இப்போது எந்தக் கோயிலுக்குப் போனாலும் குனிந்து தரையைப் பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அம்மாள், மோதிரம் கீதிரம் விழுந்துருச்சா என்று கேட்டுவிட்டுத் தானும் கூடச் சேர்ந்து அரை மணி நேரம் தேடினாளாம். மேகம் கறுத்தால் குடையோடு கிளம்பிவிடுவார். "மழைன்னா எல்லாரும் வீட்டுக்கு ஓடியாருவாக. இவுக கோயிலுக்கு ஓடுதாக" என்பாள் முனீஸ்வரி.

நடுவில் நெஞ்சு வலி வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். கண் விழித்ததும் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, இது 2024 ஐப்பசி வரைக்கும் தாங்குமா என்பது. அதற்கு மேலும் தாங்கும் என்றார் டாக்டர். அதற்கு மேல் வேண்டாம் என்றார் இவர். அப்போதெல்லாம் கோயிலில் அவர் கை கூப்பி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். என்ன கேட்டீர்கள் என்றதற்கு, "ஒண்ணும் கேக்கல மதினி. அந்தச் சத்தம் இன்னொரு தடவ கேக்கணும்னு சொன்னேன்" என்றார்.

வருஷம் வந்தது. பாலாலயம் ஆயிற்று. பார்த்தால், கமிட்டி பளபளவென்று கிரானைட் போடத் தீர்மானித்திருந்தது. உங்கள் தளம் நன்றாகத்தானே இருக்கிறது, அதன் மேல் கிரானைட் ஒட்டினால் போதும், பழைய கல்லையே மறுபடி பதித்தால் ஊர் சிரிக்கும் என்றார் விக்னேஸ்வரன். பால்ச்சாமி ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, கூட்டத்துக்கு நடுவில் தாம் போட்ட தளத்தில் ஊற்றினார். தண்ணீர் வட்டமாக விரிந்தது. அப்படியே நின்றது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இது எங்கயும் போவாது. அம்புட்டு நல்லா போட்டிருக்கேன்," என்றார்.

விக்னேஸ்வரன் எழுந்து, கிரானைட்டைச் சமையல் கொட்டகைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

அம்பு போட்ட கல் இருந்தது. எவ்வளவு தாழ வேண்டும் என்ற அளவு இல்லை. அது இருந்தது ஒரே இடத்தில், பெத்தம்மாளின் கையில். நாற்பது வருஷம் கூட்டியவள். விளக்குமாறு எந்த இடத்தில் தானாக ஓடும், எங்கே இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் ஒரு நிபந்தனை போட்டாள்: "அந்தப் பித்தளக் கட்டய வெளிய வச்சிட்டு வாங்க."

ரசமட்டம் வில்வ மரக் கிளையில் பையோடு தொங்கியது. கல்லை வைப்பார்கள், பெத்தம்மாள் வெறுங்காலோடு மேலே நடப்பாள், கூட்டிப் பார்ப்பாள், இன்னும் ஒரு விரல் தாழட்டும் என்பாள். மில்லையே மட்டம் பார்த்து நிறுத்தியவர், சரிம்மா சரிம்மா என்று மண்ணைச் சுரண்டினார். இருபத்தேழு நாள். அதில் ஒரே ஒரு நாள் அவள் தளவாய்புரத்தில் பேத்தி காதுகுத்துக்குப் போய்விட்டாள்.

ஆவணியில் கும்பாபிஷேகம். ஐப்பசி பிறந்ததும் பால்ச்சாமி ஊருக்கே வந்து விக்னேஸ்வரன் வீட்டு மாடியில் தங்கிவிட்டார். ஒன்பது நாள் வானம் ஏமாற்றியது. பத்தாம் நாள் மத்தியானம் மலைப் பக்கம் இருட்டியது. அவர் முன்மண்டபத்தில், இருபத்து நாலு வயதில் உட்கார்ந்த அதே தூணடியில் போய் உட்கார்ந்தார்.

இடது பக்கம் முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கொலுசு. மெதுவாகப் பின்னால் போயிற்று. பின்னால் ஒரு கணம் நின்றது. அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு வலது பக்கமாக வந்து, ஈசான மூலையில் இறங்கியது. ஊருணிப் பக்கம் குலவைச் சத்தம் கேட்டது. நனைந்துகொண்டு நின்ற விக்னேஸ்வரனின் கை அவரை அறியாமல் நெற்றிக்குப் போய் சல்யூட் வைத்ததாம். பால்ச்சாமி அழுதார் என்று ஊர் சொல்கிறது. மழைச் சாரல் தெறித்தது என்று அவர் சொல்கிறார்.

மழை விட்டதும் கருவறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். பிரகாரம் முழுக்கத் தண்ணீர் வடிந்து கல் கறுத்துக் கிடந்தது. மேற்கு மூலையில் ஒரு கல்லில் மட்டும், தாம்பாளம் அகலத்துக்குத் தண்ணீர், அசையாமல் நின்றது. அதற்குள் விமானம் முழுசாகத் தெரிந்தது. பெத்தம்மாள் தண்ணீரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"நான் காதுகுத்துக்குப் போன அன்னைக்கிப் போட்ட கல்லா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பைய எடுத்தியளா?"

"ஒரே ஒரு தடவ. சும்மா வச்சுப் பாத்தேன்."

"கெடக்கட்டும். குருவி குடிச்சிட்டுப் போவும்," என்று பெத்தம்மாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வருஷம் சோறு ஊருணித் தண்ணீரில் பொங்கியது. பால்ச்சாமியும் சாப்பிட்டார், பாயசமும் வாங்கிக்கொண்டார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் முனீஸ்வரியும் நினைத்தாள். ரசமட்டத்தை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். ஆனால் அடுத்த சனிக்கிழமை அவர் மறுபடியும் தேவதானம் பஸ்ஸில் ஏறினார். நோட்டில் ஒரே வரி: கல் எண் தொண்ணூற்றாறு, முக்கால் விரல் தாழ வேண்டும்.

போன மாதம் மதுரைக்குச் செக்கப்புக்குப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, ஐப்பசியைத் தாண்டிட்டீங்களே, சந்தோஷந்தானே என்றார். பால்ச்சாமி சட்டைப் பித்தானை மாட்டிக்கொண்டே, 2036 வரைக்கும் தாங்குமா என்று கேட்டார்.

டாக்டர் சிரித்தார். பால்ச்சாமி சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.