குறுக்கே பேசிய மஞ்சள் பட்டை

அலுவலகத்தில் அவளுக்குக் காதக்கா என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். ஒருநாள் அவளே, "முன்னாடி வந்தே கூப்பிடுங்கப்பா, எனக்கு முன்னும் பின்னும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட, அதுவே நிலைத்துவிட்டது.

ஏழு வயதில் வந்த காய்ச்சல் அவள் பார்வையைக் கொண்டுபோயிற்று. பதினெட்டு வருஷம் ஒரு மருத்துவமனையின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தாள். அந்த வேலையைத் தூக்கி ஒரு மிஷினிடம் கொடுத்தபோது, ஆப் தயாரிக்கும் இந்தக் கம்பெனிக்கு வந்தாள். வெளியே விடுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஆப்பும் அவள் போனுக்கு வரும். திரையில் இருப்பதை ஒரு குரல் படித்துச் சொல்லும். அதை அவள் வைத்துக் கேட்கும் வேகத்தில் மற்றவர்களுக்கு ஓர் எழுத்துகூடப் பிடிபடாது. தகரக் கூரையில் மழை பெய்வதுபோல இருக்கும்.

திரையிலுள்ள ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் ஒரு பெயர் எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் குரல் "பட்டன், பட்டன், பட்டன்" என்று சொல்லிக்கொண்டே போகும். "பத்துக் கதவு வெச்சு வீடு கட்டிட்டு, எது குளியலறைன்னு சொல்லாம விட்டா நான் எங்கய்யா போறது?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், அப்புறம் திருத்துவார்கள். பார்க்கிறவனுக்கு உலகமே பார்க்கிறது என்றுதான் நினைப்பு. அந்த நினைப்பின் தலையில் குட்டுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். குட்டுவதில் அவளுக்கு ருசியும் உண்டு, அதை மறைப்பானேன்.

பொறுமை மட்டும் கிடையாது. யாராவது குறுக்கே பேசினால் பற்றிக்கொண்டு வரும். ஊருக்குக் குழாயில் கேஸ் கொடுக்கும் நிறுவனத்தின் ஆப்பைச் சோதித்தபோது அப்படித்தான் ஆயிற்று. அவள் மீட்டர் கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, மேலேயிருந்து ஏதோ ஒன்று நிமிஷத்துக்கு நாலு தரம் குறுக்கிட்டது. "உங்களுக்கு இனிய நாளாகட்டும்! உங்களுக்கு இனிய நாளாகட்டும்!" அவள் எழுதிய புகார் ஒரே வரி. 'உச்சியில் ஒன்று ஓயாமல் குறுக்கே பேசுகிறது. வாயை அடையுங்கள்.'

புரோகிராமர் பெண் அன்றைக்கே அடைத்துவிட்டாள். கண்ணுக்குத் தெரியும், குரல் மட்டும் அதைத் தொடாது. காதக்கா மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அமைதி. 'இப்போதுதான் நிம்மதி' என்று எழுதிப் புகாரை மூடினாள். அங்கே வேறு என்னவெல்லாம் வரும் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

வீட்டில் கணவர் அந்த ஆப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அவருக்கும் பார்வை இல்லை. போனிலேயே பாட்டு வகுப்பு எடுப்பவர். "என் வீட்டுக்காரி காது பட்டது, ஒரு குறை இருக்காது" என்று இரண்டு வீடு தள்ளித் தனியாக இருக்கும் பொடி அண்ணனையும் அதையே போட வைத்தார். பொடி அண்ணனுக்கும் பார்வை கிடையாது. இருபது வருஷ மூக்குப்பொடியில் வாசனையும் போய்விட்டது. "என் மூக்கு எனக்கு முன்னாடியே ரிட்டயர் ஆயிடுச்சும்மா" என்று அவரே சிரிப்பார். பகலெல்லாம் ரேடியோவைத் தெருவுக்கே வைப்பார். இரண்டு மணிச் செய்தி முடிந்ததும் ரேடியோவை நிறுத்திவிட்டு டீ போடப் போவார். மழையோ வெயிலோ, இது மாறாது.

நாலு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், புரோகிராமர் பெண் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"என்ன, இன்னைக்குக் கடைச் சாப்பாடா?"

"வீட்ல கேஸ் இல்லக்கா. குழாய் மாத்துறாங்க. பத்துல இருந்து ரெண்டு வரைக்கும் வராது, அடுப்புத் திருகு எல்லாத்தையும் மூடி வைங்கன்னு காலைல ஆப்ல போட்டிருந்தாங்களே."

"ஆப்லயா? நானும் காலைல முழுசாக் கேட்டேனே."

"மேல மஞ்சப் பட்டையில ஓடுச்சுக்கா..." புரோகிராமர் பெண் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "அக்கா, நீங்க வாயை அடைக்கச் சொன்னது அதைத்தான்."

காதக்கா போனைக் கையில் எடுத்தாள். பேசும் கடிகாரத்தைத் தட்டினாள். ஒன்று ஐம்பத்தைந்து. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, அடுப்பு?"

"பதினோரு மணிக்குப் பத்த வெச்சேன், பத்தல. மூடிட்டு ரொட்டி சாப்பிட்டேன். ஏம்மா, மூச்சு வாங்குது உனக்கு?"

அவள் நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டார்: "பொடி அண்ணன்? அவர் திருகைத் திறந்து போட்டிருந்தா, கேஸ் வந்தாலும் மூக்குக்குத் தெரியாதே."

கணவரை லைனில் வைத்துக்கொண்டே பொடி அண்ணனுக்குப் போன் போட்டாள். அடித்தது, அடித்தது, அடித்து ஓய்ந்தது. அந்த ரேடியோ சத்தத்தில் இடியே விழுந்தாலும் கேட்காது. "நான் போய்ப் பாத்துட்டு வரேன், ரெண்டு வீடுதானே" என்று கணவர் கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"ரெண்டு மணிக்குத்தானே திறப்பாங்க, அதுக்குள்ள போயிடுவார்க்கா" என்ற புரோகிராமர் பெண் போனை எடுத்துப் பார்த்தாள். "ஐயோ" என்றாள்.

"வாய்விட்டுப் படி" என்றாள் காதக்கா.

"புதுசா ஒண்ணு போட்டிருக்காங்க. 'வேலை முன்னதாகவே முடிந்தது. பன்னிரண்டரை முதல் கேஸ் வருகிறது.'"

அதுவும் மஞ்சள் பட்டைதான். அதையும் எந்தக் குரலும் படிக்கவில்லை.

"தீயணைப்புக்குப் போடு. அவர் வீடு எங்க தெருவுல கடைசி வீடு, பச்சை கேட்டாம். சொல்லு, சீக்கிரம்!" அவசரத்தில் கணவர் நம்பர் இரண்டு தரம் தவறியது. மூன்றாம் தரம் எடுத்தார்.

"வந்துட்டேம்மா. உள்ள நியூஸ் ஓடுது, மனுஷன் நல்லாத்தான் இருக்கார். நீ வீணா பயந்துட்ட. இரு, பெல்ல அடிச்சிட்டு அப்புறமா..."

"அடிக்காதீங்க!" அவள் கத்திய கத்தலில் அலுவலகமே எழுந்து நின்றது. "பெல்லத் தொடாதீங்க! ஒரு பொறி போதும்! கேஸ் எப்பவோ வந்துடுச்சு!"

அந்தப் பக்கம் அவர் மூச்சை இழுப்பது கேட்டது.

"ஆமாம்மா" என்றார் மெதுவாக. "கதவிடுக்குல வருது. நல்லாவே வருது."

"கையால தட்டுங்க. காலால உதைங்க. கத்துங்க, அடுப்புப் பக்கம் போகாதீங்கன்னு கத்துங்க!"

அவர் கத்தினார். பாட்டு வாத்தியாரின் தொண்டை அது, தெருக்கோடி வரை போகும். மரக்கதவில் அவர் கை விழும் சத்தமும் கேட்டது. அதற்கெல்லாம் மேலே, உள்ளேயிருந்து செய்தி வாசிப்பவர் நாளைய வானிலையை நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மேகமூட்டமாம். அப்புறம் வணக்கம் சொன்னார்.

"ரேடியோவ நிறுத்திட்டார்ம்மா" என்றார் கணவர்.

ஊரெல்லாம் மெச்சிய அந்தக் காதைப் போனோடு அழுத்திக்கொண்டு, அடுத்து வரப்போவது தாழ்ப்பாள் சத்தமா லைட்டர் சத்தமா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.