தேனீப்பெட்டிகளைக் காட்டிக்கொடுத்தது யார்?

பஸ்காலிஸ் சத்தம் போடாமல் ஒரு காரியமும் செய்யமாட்டான். என் காப்பிக்கடைக்குள் நுழையும்போதே வானொலிச் செய்தியோடு சண்டை பிடித்துக்கொண்டுதான் வருவான். சீட்டில் தோற்றால் சீட்டுக்கட்டைத் திட்டுவான். ஜெயித்தால் எதிராளியைத் திட்டுவான். அவன் மெதுவாகப் பேசியது தேனீக்களிடம் மட்டும்தான். எவ்ரோஸ் ஆற்றங்கரையில், பாப்ளார் மரங்களுக்குக் கீழே அவன் பெட்டிகள் வரிசையாக நிற்கும். அந்த ஆறுதான் எல்லை; எதிர்க்கரை துருக்கி. வீட்டில் அவனுக்கென்று ஒரு நாதி கிடையாது.

உறவு என்று இருந்தது கிரிசாஃபிஸின் குடும்பம் ஒன்றுதான். கிரிசாஃபிஸ் எல்லைக் காவலில் வேலை பார்ப்பவன். இரண்டு பேரும் ஒன்றாகப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர்கள். கிரிசாஃபிஸின் மகள் எவாந்தியாவுக்கு எண்ணெய் தடவி, தண்ணீரில் முக்கியெடுத்துப் பெயர் வைத்த ஞானத்தகப்பன் பஸ்காலிஸ். எண்ணெய் தடவிய அதே கைதான் கல்யாணத்தன்று மணமக்கள் தலையில் மலர்முடிகளை மாற்றி மாற்றி வைக்கவும் வேண்டும். ஈஸ்டர் கழிந்து கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். இவன் பனிக்காலத்திலேயே சூட் தைத்து வைத்துக்கொண்டு, என்னவோ தானே மாப்பிள்ளை மாதிரி என்னிடம் போட்டுக் காட்டினான்.

ஜனவரியில் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், அத்தனை பெட்டிகளின் மூடிகளும் உறைபனியில் கழன்று கிடந்தன. சுற்றிலும் பூட்ஸ் தடம். பந்தாகச் சேர்ந்து ஒன்றையொன்று சூடாக்கிக்கொண்டிருந்த பூச்சிகள் கொத்துக் கொத்தாக விறைத்துச் செத்திருந்தன. அவன் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே போலீஸ் வண்டி வந்துவிட்டது. ஸ்டேஷனில் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஆத்தோரத்துல யாரை ஒளிச்சு வைக்கிற?" கைபேசியைப் பிடுங்கி, அதில் இருந்ததையெல்லாம் நகல் எடுத்தார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. எதற்காகப் பிடித்தீர்கள் என்றதற்கு, "தகவல் வந்துச்சு" என்றார்கள். கைபேசியைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

தகவல் வந்ததாம்! யார் கொடுத்தது? அந்த ஒரு வார்த்தை எங்கள் ஊரை நாசமாக்கியது. அந்தக் கைபேசியில் எங்கள் எல்லோருடைய எண்ணும் இருந்ததே. என் கடைக்கு வருகிறவர்கள் கைபேசிகளை வாசலோரம் இருக்கும் ரொட்டிப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்கள். பிறகு அதுவும் நின்றது. பஸ்காலிஸ் உள்ளே வந்தால் பாதிப் பேர் மழையைப் பற்றிப் பேசினார்கள். மீதிப் பேர் எழுந்து போனார்கள்.

அவன் மட்டும் ஒரே ஆளைச் சந்தேகப்பட்டான்.

"கிரிசாஃபிஸ்தான் அக்கா, வேற யாரு? நான் பூட்ஸ் கொடுத்த விஷயம் அவனுக்கு மட்டுந்தான் தெரியும்."

முந்தைய இலையுதிர்காலத்தில் ஆற்றிலிருந்து ஓர் ஆள் நடுங்கிக்கொண்டு வந்திருக்கிறான். காலில் ஒன்றுமில்லை. பஸ்காலிஸ் தன் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். கள்ளத்தனமாக எல்லை தாண்டி வருகிறவனுக்கு உதவினான் என்று பிடித்து உள்ளே தள்ள அது போதும். ரோந்து வந்த கிரிசாஃபிஸ் அதைப் பார்த்துவிட்டு, "நான் எதையும் பாக்கல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

"வெறும் சாக்ஸோட இங்க வந்து உக்காந்தியே, நானும்தான்டா பாத்தேன்," என்றேன்.

"உங்களையும் ஒரு வாரம் சந்தேகப்பட்டேன்."

"அட கட்டையில போறவனே! என் காப்பியைக் குடிச்சுக்கிட்டேவா?"

அவன் சிரிக்கவில்லை. கல்யாணத்தில் மலர்முடி மாற்ற வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி எவாந்தியாவுக்கு ஆள் விட்டான். அவள் வந்து அழுதுவிட்டுப் போனாள். கிரிசாஃபிஸ் கடைக்கு வருவான், ஓரத்து மேசையில் உட்கார்ந்து காப்பியைக் குடித்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போவான். எனக்கும் அவன்மேல்தான் சந்தேகம். ஏன் பொய் சொல்ல?

கல்யாணத்துக்கு முந்தின வாரம், ஆற்றங்கரைக் கம்பங்களில் இருக்கும் கேமராக்களைப் பழுதுபார்க்க நகரத்திலிருந்து வருகிறவன் கடையில் உட்கார்ந்து தன் கைபேசியைப் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு கூத்தைப் பாருங்கக்கா." கறுப்புப் படம். அதில் வரிசையாக வெள்ளைத் திட்டுகள். "ஆளுங்க வரிசையா குந்தியிருக்காங்கன்னு மெஷின் காட்டியிருக்கு. நம்ம ஆளுங்க அடிச்சுப் பிடிச்சு ஓடிப் போய்த் தொறந்தா, தேனீ! ஆபீஸ் முழுக்க இந்தப் படத்தைப் பாத்துச் சிரிச்சாச்சு."

"அதை உங்களுக்குச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்ல வேண்டாம். சூடா எது இருந்தாலும் அதுவா காட்டிக்கொடுத்துரும். காலையில நீங்க கோழிக்கூட்டைத் தொறக்க வர்றதுகூடத் தெரியும்."

நான் எந்தக் கோலத்தில் கோழிக்கூட்டுக்குப் போவேன் என்பது எனக்கல்லவா தெரியும். உடம்பெல்லாம் கூசிப்போனது. அவனை அப்படியே விட்டுவிட்டு பஸ்காலிஸ் வீட்டுக்கு ஓடினேன். கேட்டுவிட்டு அவன் தலையில் அடித்துக்கொண்டான். செத்த தேனீக்களுக்கு அழாதவன், கூட்டாளியைச் சந்தேகப்பட்டதற்கு அழுதான்.

அன்று மாலை கிரிசாஃபிஸ் சீருடையோடு ஓரத்து மேசையில் இருந்தான். பஸ்காலிஸ் நேராகப் போய் அவன் முன்னால் நின்றான்.

"என்னை மன்னிச்சிரு. நீதான் சொன்னேன்னு நெனச்சுட்டேன்டா. எல்லாம் அந்த மெஷின் பண்ணின வேலை. செருப்பால அடி என்னை."

கிரிசாஃபிஸ் எழுந்து கட்டிக்கொள்வான் என்று பார்த்தால், கோப்பையையே உருட்டிக்கொண்டிருந்தான்.

"நான் சொல்லல. ஆனா அப்புறமா என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. அந்தப் பெட்டிக்காரன் உனக்குப் பழக்கமா, நம்பலாமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"உன்னை எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். வேலை போயிரும்னு பயந்துட்டேன்."

அன்றைக்குத்தான் பஸ்காலிஸ் தேனீக்களிடம் பேசுகிற குரலில் மனிதனிடம் பேசிக் கேட்டேன். "சரி, போகுது. அது என் பேர்ல எழுதியிருக்கும்ல? தப்பா சொல்லிட்டேன், அழிச்சிருங்கன்னு போய்ச் சொல்லேன்."

"சொன்னா, இப்ப ஏன் மாத்திச் சொல்றேன்னு என்னையில்ல கேப்பாங்க?"

பஸ்காலிஸ் தலையை ஆட்டினான். "எவாந்தியாகிட்டயாவது கேளு, அவளுக்கு என்னைத் தெரியுமான்னு. தெரியும்னா ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கு வர்றேன்." போய்விட்டான்.

கிரிசாஃபிஸ் கதவைப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தான்.

"அக்கா, இங்க பேசினதை யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

"இதுலயும் உனக்கு உன் பயம்தானாடா?" என்று கேட்டுவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு முதலில் எவாந்தியாவிடம் போய்ச் சொன்னேன். அவள் செருப்பைக்கூடப் போடாமல் பஸ்காலிஸ் வீட்டுக்கு ஓடினாள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் சொல்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன்.