டேப் ஒட்டிய ஏசி

எங்கள் வீட்டுக்குக் குளிர்காலம் ஒரு சுருள் மாஸ்கிங் டேப்போடுதான் வரும். அப்பா ஷார்ஜா தொழில்பேட்டையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கராஜில் ஃபோர்மேன். பெயிண்ட் படக்கூடாத இடங்களைப் பழைய பேப்பரால் மூடி, ஓரத்தில் டேப் ஒட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று கராஜில் சொல்வார்களாம். எங்களிடம் இதைச் சொன்னது அப்பாதான். நவம்பரில் ஒரு நாள் அந்தத் திறமை முவைலாவில் இருந்த எங்கள் ஃபிளாட்டுக்கும் வரும். ஜன்னல் ஏசியின் முன்னால் ஸ்டூலைப் போட்டு ஏறி, "மூடிடட்டுமா?" என்று அம்மாவைக் கேட்பார். அம்மா தலையசைத்ததும் பிளக்கைப் பிடுங்கி, மலையாளப் பேப்பரால் ஏசியின் முகத்தை மூடி, நான்கு பக்கமும் நூல் பிடித்த மாதிரி டேப் ஒட்டிவிட்டு, "கலாஸ்" என்று, வேலை முடிந்ததை அரபியில் அறிவித்துவிட்டு இறங்குவார்.

எட்டு மாதமாக லாரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது நின்றதும் வீடு திடீரென்று பெரிதாகிவிடும். பக்கத்து வீட்டுக் குக்கர், குளியலறைக் குழாய் சொட்டுவது, கீழே யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பது, எல்லாம் உள்ளே வந்துவிடும். கூடவே அம்மாவின் சோர்வும் வரும்.

வெயிலில் வெந்த ஊர் மொத்தமும் காத்துக்கிடப்பது இந்த மாதங்களுக்காகத்தான். பூங்காக்களில் கறி சுடும் புகை, புல்லெல்லாம் பாய்கள். எங்கள் அம்மாவோ பழுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். கையிலிருக்கும் டீ ஆடை கட்டிப்போகும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் ரசம் சோறு. அழமாட்டாள். யாரையும் திட்டவும் மாட்டாள். அவள் திட்டாததுதான் எனக்குப் பெரிய பயம்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம் டேப் சீக்கிரமே வந்துவிட்டது. வெளியே இன்னும் வெயில் காய்ந்தது. தம்பிக்கு முதுகெல்லாம் வேர்க்குரு.

"இன்னும் சூடா இருக்கேப்பா" என்றேன்.

"ஃபேன் ஓடுதுல்ல? பேசாம படு பாப்பா."

டிசம்பர் லீவில் அப்பாவின் கராஜிலிருந்து மூன்று குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்து, வெள்ளிக்கிழமை ராஸ் அல் கைமா மலையடிவாரத்துக்குப் போவதாக முடிவாயிற்று. வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். வேனில் போனால் எங்கள் அம்மாதான் பாட்டை ஆரம்பிப்பாள், அதுவும் எல்லோரையும்விடச் சத்தமாக. அந்த அம்மா எனக்கு வெள்ளிக்கிழமைக்குள் திரும்ப வேண்டும். இந்த அம்மாவோ, "நான் வரல, நீங்க போய்ட்டு வாங்க" என்று முடித்துக்கொண்டாள்.

அந்த வருஷம் அறிவியலில் காரணம், விளைவு என்று ஒரு பாடம் வந்திருந்தது. பாடத்தை வாழ்க்கையில் பயன்படுத்திப் பார்க்கத் துடிக்கும் பிள்ளை நான். ஏசி ஓடினால் அம்மா சிரிக்கிறாள். ஏசி நின்றால் அம்மாவும் நின்றுவிடுகிறாள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

வியாழன் மதியம் அப்பா டியூட்டியில் இருந்தார். ஏசிக்கு நேர் கீழே கட்டிலில் அம்மா போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். தம்பியை ஸ்டூலைப் பிடிக்கச் சொல்லி ஏறி, டேப்பையும் பேப்பரையும் சரசரவென்று உரித்து, பிளக்கைச் சொருகி, ஏசியின் குமிழை முழுசாகத் திருப்பினேன்.

ஒன்றரை மாதமாக உள்ளே உட்கார்ந்திருந்த பாலைவனம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"அக்கா, டஸ்ட்" என்றான் தம்பி, ஏதோ எனக்குத் தெரியாதது போல.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். முடி, புருவம், சால்வை எல்லாம் மண். "என்னடி பண்றே?"

"ஏசி நின்னதுலேர்ந்துதானே இப்படி இருக்கே. போட்டா சரியாயிடுவேன்னு..."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நான் தம்பியை வெற்றியோடு பார்த்தேன். சிரித்து முடித்ததும் அம்மா எட்டி ஏசியை அணைத்தாள். முகம் பழையபடி ஆகிவிட்டது.

"எனக்கு ஒண்ணும் இல்லடி. வருஷா வருஷம் இப்படித்தான் வரும். முன்னெல்லாம் மல்லுக்கட்டிப் பாத்தேன், இன்னும் ஜாஸ்தியாச்சு. இப்ப, வந்தா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"அப்ப நாளைக்கு?"

"வேன்ல வந்து சிரிச்ச முகமா உக்காரணும். அது இப்ப முடியாது. நீங்க போங்க." போர்வையின் ஓரத்தைத் தூக்கினாள். தம்பி மண்ணோடு உள்ளே புகுந்துகொண்டான். நானும் போய் ஒட்டிக்கொண்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"இப்ப என்னம்மா பண்ணலாம்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்."

உலகத்திலேயே எனக்கு வராத வேலை அதுதான். எழுந்து கூட்டத் தொடங்கினேன்.

சாயங்காலம் அப்பா வந்து கிழிந்த பேப்பரைப் பார்த்தார். "யார் வேலை இது?"

"அக்கா சயின்ஸ் பண்ணா" என்றான் தம்பி.

திட்டு விழும் என்று காத்திருந்தேன். அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். அம்மாவைத் திரும்பிப் பார்த்து மறுபடியும் கேட்டார். "மூடிடட்டுமா?"

"இன்னும் கொஞ்ச நாளைக்கு" என்றாள் அம்மா.

மறுநாள் நாங்கள் மூன்று பேர் மட்டும் போனோம். வேனில் ஓர் அத்தை அம்மாவை விசாரித்தார். "அவ லீவுல இருக்கா" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. பாட்டை நான்தான் ஆரம்பித்தேன். யாரும் சேர்ந்து பாடவில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை, வெளியே இன்னும் ஸ்வெட்டர் போடும் குளிர் இருக்கும்போதே, அம்மா தானே ஸ்டூலில் ஏறி டேப்பை உரித்தாள். குளிரும்போது ஏன் ஏசியைத் திறக்கிறாய் என்று கேட்டேன். சோபாவில் கிடந்த என் சாக்ஸுக்காகத் திட்டு விழுந்தது. மகிழ்ச்சியில் அந்தக் கேள்வியையே மறந்துபோனேன்.

இன்று என் வீட்டு ஏசிக்குச் சத்தமே கிடையாது. ஆனாலும் வருஷக் கடைசியில் சில நாட்கள் அதை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இருபது நிமிடம் வரை வந்திருக்கிறேன். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் பட்டது, அந்தப் பாடத்தை நான் தலைகீழாகப் படித்திருக்கிறேன். ஏசி நின்றதால் அம்மா சோரவில்லை. சோர்வு வந்துவிட்டதால் அவளுக்கு அமைதி தேவைப்பட்டது. அந்த வருஷம் அம்மாவின் டீ முன்கூட்டியே ஆறிக் கிடக்க ஆரம்பித்ததை நானும் பார்த்திருந்தேன், எதிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்பா சேர்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே, வெயில் தணியும்வரை காத்திராமல், கராஜிலிருந்து டேப்பை எடுத்து வந்துவிட்டார்.